செண்டாயில் முனைவர் பட்ட ஆய்வு: குமரிக் கடற்கரையிலிருந்து செல்லும் மாணவிக்கு வழிகாட்டல் தேவை

குளச்சல் மாணவி எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவள். நாகர்கோவிலில் முதுகலை இயற்பியல் முடித்து, ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தேர்வாகியிருக்கிறேன். வரும் அக்டோபரில் செண்டாய் நகரிலுள்ள தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் முதலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, நுழைவுத் தேர்வு எழுதியபின் முனைவர் பட்டப் படிப்பைத் தொடர வேண்டும்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத வீட்டைக் காண்பது அரிது. ஆனால் அவர்கள் போனதெல்லாம் துபாய்க்கும் குவைத்துக்கும் சவூதிக்கும்தான். அங்கே நிறுவனமே விசா எடுத்துக் கொடுத்து, விமான நிலையத்திலிருந்து அழைத்துச் சென்று, தங்குமிடத்தில் சேர்த்து விடுகிறது. அறைக்குள் நுழைந்தால் நம்மூர்க்காரர் நான்கு பேர் இருப்பார்கள். எனவே பயணத்தைப் பற்றிக் கேட்டறிய எத்தனையோ மாமன்மார் இருந்தும், கிழக்கே தனியாகச் சென்று படிப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை.

ஆய்வகத்தில் ஆங்கிலமே போதும் என்று பேராசிரியர் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். அப்படியானால், புறப்படுவதற்கு முன் கைவசம் இருக்கும் மாதங்களை ஜப்பானிய மொழிக்குச் செலவிட வேண்டுமா, அல்லது நுழைவுத் தேர்வுப் பாடங்களைப் படிப்பதே நல்லதா? மீனும் தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் இல்லாத சாப்பாட்டுக்கு நான் பழகியவளும் அல்லள். சமையல் பொருட்களை எந்த அளவுக்கு எடுத்துச் செல்லலாம்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் குடும்பம் இழந்தது அதிகம். செண்டாய் என்ற பெயரை அம்மா கைப்பேசியில் தேடியபோது அவருக்கு முதலில் கிடைத்தவை 2011ஆம் ஆண்டு சுனாமியின் காணொளிகள்தாம். அன்றிலிருந்து அவர் உதவித்தொகையைப் பற்றிப் பேசுவதே இல்லை. வெறும் ஆறுதல் வேண்டாம். அம்மாவிடம் நான் சொல்லத்தக்க உண்மை நிலையை அங்கே வாழ்ந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

கோட்டாறு ஆசிரியை எழுதியது:

அன்புத் தங்கைக்கு வாழ்த்துகள். நான் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, இப்போது ஊரில் கற்பிக்கிறேன். ஜப்பானின் பேரரசுப் பல்கலைக்கழகங்களுள் பெண்களை முதலில் சேர்த்துக்கொண்டது நீங்கள் போகும் இடம்தான்: 1913இல் மூன்று பெண்கள் அங்கே சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான சிகா குரோதா பின்னாளில் சிறந்த வேதியியலாளராக விளங்கினார். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

அம்மாவின் அச்சம் நியாயமானது. அதை மழுப்பக் கூடாது. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, செண்டாயின் கிழக்குக் கரையோரப் பகுதிகளைக் கடல் அழித்தது. விமான நிலையமும் நீரில் மூழ்கியது. ஆனால் செண்டாய் என்பது குளச்சலைப் போலக் கடலோடு ஒட்டிய ஊர் அல்ல. நகரத்தின் நடுப்பகுதி கடற்கரையிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கதஹிரா வளாகம் அந்த நடுப்பகுதியிலும், அவோபாயாமா வளாகம் அதற்கும் மேற்கே மலைமேலும் அமைந்துள்ளன. அன்று அந்த மலைமேல் இருந்த சில கட்டடங்களை நிலநடுக்கம் சேதப்படுத்தியது உண்மை. கடல் அங்கே எட்டவில்லை.

நிலநடுக்கம் வரும், அதுவும் அடிக்கடி வரும். பெரும்பாலானவை தொங்கும் விளக்கை ஆட்டிவிட்டு நின்றுவிடும். வலுவான அதிர்வு வருவதற்குச் சில வினாடிகள் முன்னதாகக் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பும். அந்த வினாடிகளுக்குள் மேசைக்கு அடியில் புகுந்துவிட வேண்டும் என்பதைத்தான் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். ஆய்வகத்தில் வாயு உருளைகள் சுவரோடு சங்கிலியிட்டுப் பிணைக்கப்பட்டிருக்கும். உங்கள் அறையிலும் புத்தக அலமாரியைச் சுவரோடு பொருத்திய பின்னரே அதன் கீழே படுக்கையை விரியுங்கள்.

அம்மாவுக்கு இதைவிட முக்கியமான விளக்கம் ஒன்று உண்டு. நம் தொலைக்காட்சியில் 'ஜப்பானில் 6.5 நிலநடுக்கம்' என்று ஓடும் எண், நிலநடுக்கம் தோன்றிய இடத்தில் வெளிப்பட்ட ஆற்றலைக் குறிக்கும். ஜப்பானியர் பார்ப்பதோ ஒவ்வொரு ஊரிலும் தரை எவ்வளவு குலுங்கியது என்பதைக் காட்டும், 0 முதல் 7 வரையிலான 'ஷிந்தோ' அளவை. ஜப்பானின் ஏதோ ஒரு மூலையில் 6.5 வந்தாலும் செண்டாயில் ஷிந்தோ 1 ஆக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அந்நாட்டு வானிலை முகமையின் இணையப் பக்கத்தைத் திறந்து செண்டாயின் எண்ணை மட்டும் பார்க்க வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பெரிய அதிர்வு ஏற்பட்டால் குரல் அழைப்புகள் நெரிசலில் சிக்கும். குறுஞ்செய்தி முதலில் வரும், அழைப்பு பிறகுதான் வரும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது.

நீங்கள் ஓரளவு நிலைகொண்ட பிறகு, தோசாய் சுரங்க ரயிலில் கிழக்குக் கடைசி நிறுத்தமான அராய் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் அராஹாமா தொடக்கப்பள்ளிக்குப் போய் வாருங்கள். சுனாமி வந்த அன்று அந்தப் பள்ளியின் மேல்தளங்களிலும் கூரையிலும் ஒதுங்கி 320 பேர் உயிர் பிழைத்தார்கள். சிதைந்த கட்டடத்தை அப்படியே பாதுகாத்து, 2017 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மணக்குடிப் பாலத்தையே கடல் அடித்துச் சென்றதைக் கண்ட நமக்கு, அந்த இடத்தில் விளக்கம் சொல்ல யாரும் தேவைப்படமாட்டார்கள். ஒரு நகரம் தன் இழப்பை எப்படிப் பதிவு செய்து, அடுத்த தலைமுறைக்குப் பாடமாக்குகிறது என்பதை நம் கடற்கரைப் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி மொழி. ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும் என்று பேராசிரியர் எழுதியது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது ஆய்வகக் கதவு வரைக்கும்தான். மருத்துவமனைப் படிவம், குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் வைப்பது என்ற அறிவிப்பு, அஞ்சல் பெட்டியில் வந்து விழும் அரசுக் கடிதங்கள் அனைத்தும் ஜப்பானிய மொழியில் இருக்கும். ஹிரகானா, கதகானா என்னும் இரண்டு எழுத்து வரிசைகளில் அடிப்படை எழுத்துகள் தலா 46. தமிழின் 247 எழுத்துகளை எழுதிப் பழகிய கைக்கு அவை சுமையல்ல. வினையைக் கடைசியில் வைப்பதும் வேற்றுமையைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்கு இயல்பாக வருபவை. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் தடுமாறும் சொல்லொழுங்கில் நாம் தடுமாறுவதில்லை. காலையில் ஒரு மணி நேரத்தை மொழிக்கு ஒதுக்கிவிட்டு, மீதி நாளை நுழைவுத் தேர்வுக்குக் கொடுங்கள். இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை.

வளைகுடாவோடு ஒப்பிட்டு எழுதியிருந்தீர்கள். அந்த வேறுபாடு முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். நரிட்டாவிலோ ஹனேடாவிலோ இறங்கும்போதே வசிப்பு அட்டையைத் தந்துவிடுவார்கள். தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்த 14 நாட்களுக்குள் அந்த அட்டையுடன் வார்டு அலுவலகத்துக்குச் சென்று முகவரியைப் பதிவு செய்வது சட்டப்படிக் கட்டாயம். அதே அலுவலகத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். அதன்பின் மருத்துவச் செலவில் 30 விழுக்காடு மட்டுமே உங்கள் பொறுப்பு. முந்தைய ஆண்டில் ஜப்பானில் வருமானம் ஈட்டாதவருக்குக் காப்பீட்டுக் கட்டணமும் குறைவாகவே அமையும்.

ஓய்வூதியத் திட்டம் பற்றிப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 20 வயது நிறைந்தவர்கள், வெளிநாட்டு மாணவர்கள் உட்பட, அதில் சேர்ந்தாக வேண்டும். மாதத் தொகை 17,000 யென்னுக்கும் மேல். மாணவர்கள் விண்ணப்பித்தால் அந்தத் தொகையை ஒத்திவைக்கச் சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கேட்காதவருக்கு அது தானாகக் கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். பல்கலைக்கழகம் உங்களுக்கு உதவியாளராக ஒரு மாணவரை ஏற்பாடு செய்தால், வார்டு அலுவலகத்துக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஞாயிறு திருப்பலி உங்களுக்கு முக்கியமானால் ஒரு சொல்: செண்டாயில் மறைமாவட்டப் பேராலயம் இருக்கிறது. நம் கோட்டாறு மக்கள் கொண்டாடும் சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கியவர் என்பதால், நான் ஊர்ப்பெயரைச் சொன்னதுமே அங்குள்ள மூத்தோர் என்னை உறவுக்காரியாக ஏற்றுக்கொண்டார்கள்.

மார்த்தாண்டத்து ஆய்வு மாணவன் எழுதியது:

நான் இப்போது ஃபுகுவோகாவில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். அக்கா எழுதியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். சமையல், பணம், ஆய்வக நடைமுறை ஆகியவற்றைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வீட்டு மிக்சியை எடுத்து வராதீர்கள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் மிக்சி அங்கே சரியாகச் சுழலாது. மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் மின்தூண்டல் அடுப்பு என்பதால், அதற்கேற்ற அடிப்பாகமுள்ள சிறிய பிரஷர் குக்கர் ஒன்று போதும். தேங்காய் அரைக்க வழியில்லையே என்று கவலைப்பட வேண்டாம்: உலர்ந்த தேங்காய்த் துருவலும் டின்னில் அடைத்த தேங்காய்ப்பாலும் எளிதாகக் கிடைக்கின்றன. உலர்ந்த துருவலை வறுத்துப் பொடித்து வைக்கும் தீயல் ஊர்ச் சுவைக்கு மிக அருகில் வருகிறது. மரச்சீனி உறைந்த நிலையில் ஹலால் கடைகளிலும் தென்கிழக்காசியப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். மீனுக்கோ குறைவே இல்லை. சாளைக்கு உறவான இவாஷியும் அயிலைக்கு உறவான சபாவும் சாதாரணக் கடைகளில் மலிவாகவே இருக்கும். மாலை நேரம் கடந்தால் விலை குறைத்து ஒட்டு ஒட்டுவார்கள். அந்த நேரத்தில் கடைக்குப் போகும் வழக்கம் உதவித்தொகையில் வாழும் மாணவருக்கு மிகவும் நல்லது.

எடுத்து வரக் கூடாதவற்றைக் கவனமாகப் படியுங்கள். இறைச்சி கலந்த எதுவும் கூடாது; மாட்டிறைச்சி ஊறுகாயும் இதில் அடங்கும். பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், சிலவற்றுக்கு முழுத் தடையே உண்டு. எனவே மசாலாவை வறுத்து அரைத்த, ஈரமற்ற பொடியாக மட்டும் கொண்டு வருவதே பாதுகாப்பு. சூடோஎஃபெட்ரின் அளவு மிகுந்த சளி மாத்திரைகளை அந்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே பையில் போட்டுவிடாதீர்கள்.

குளிராடைகளை நாகர்கோவிலில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். நம் கடைகளில் கிடைப்பவை ஊட்டிக்குப் போதும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கும் செண்டாய்க்குப் போதா. அங்கேயே பழைய துணிக் கடைகளில் நல்ல மேலங்கிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தேங்காயெண்ணெய் அக்டோபரிலேயே போத்தலுக்குள் உறைந்துவிடும் என்பதால் வாயகன்ற டப்பாவில் கொண்டு செல்லுங்கள்.

மெக்ஸ்ட் உதவித்தொகை ஆய்வு மாணவர் நிலையில் மாதம் 143,000 யென் அளவிலும் முனைவர் பட்ட நிலையில் 145,000 யென் அளவிலும் இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை என்பதால் சிக்கனமாக வாழ இது போதும். ஆனால் முதல் தொகை கைக்கு வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரைக்கான செலவை யென்னாகவே எடுத்துச் செல்லுங்கள். மாதந்தோறும் பல்கலைக்கழகத்தில் நேரில் கையொப்பமிட்டால்தான் அந்த மாதத் தொகை வரும் என்பதால், ஊருக்கு வரும் பயணத்தை அந்த நாட்களைப் பார்த்தே அமைக்க வேண்டும். பல்கலைக்கழக விடுதி படிப்பு முடியும்வரை கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். வெளியே வீடு எடுக்கும்போது முன்பணம், உரிமையாளருக்குத் திரும்பப் பெற முடியாத அன்பளிப்புத் தொகை, உத்தரவாத நிறுவனத்துக்கான கட்டணம் எனப் பல மாத வாடகைக்கு ஈடான தொகை ஒரே நேரத்தில் தேவைப்படும். பல வீடுகளில் விளக்கைக்கூட நாமே வாங்கி மாட்ட வேண்டும். முதல் மாதத்திலிருந்தே அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வாருங்கள்.

ஆய்வகம் என்பது அங்கே வேலை செய்யும் இடம் மட்டுமல்ல. நாளின் பெரும்பகுதி அங்கேதான் கழியும். காலையில் நுழையும்போது வணக்கம் சொல்வதும், புறப்படும்போது இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டு போவதும் சிறிய செயல்களாகத் தோன்றலாம். அவற்றைத் தவறாமல் செய்பவரைத்தான் தங்களுள் ஒருவராகக் கருதுகிறார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த நாட்களில் விடுப்பு எடுக்கலாம் என்பதை முதல் வாரத்திலேயே பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள், ஏனெனில் எழுதப்படாத வழக்கம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஊரிலிருந்து வருபவர் எல்லோருக்கும் பகிரத் தின்பண்டம் கொண்டு வருவதும் அங்குள்ள மரபு. முந்திரிக்கொத்து பல நாட்கள் கெடாது என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அருகில் வைத்தால், ஒவ்வாமை உள்ளவர்கள் தயங்காமல் முடிவு செய்வார்கள்.

திங்கள்சந்தைத் தகப்பன் எழுதியது:

மகளே, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். என் மகன் தைவானில் சின்ச்சு நகரில் ஆய்வு மாணவனாக இருக்கிறான். பெற்றோரின் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

பிள்ளை போன பிறகு ஊரில் செய்ய வேண்டிய அலுவல்கள் எங்கள் தலையில்தான் விழுகின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் தொகுப்புச் சான்று ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டால், அபிஷேகப்பட்டிக்கு அலைவது உங்கள் அப்பாவோ அண்ணனோதான். எனவே முத்திரையிட்ட உறைகளில் சில படிகளை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். தற்காலிகப் பட்டச் சான்றிதழோடு புறப்படுவதானால், மூலப் பட்டத்தைப் பெற்றுக்கொள்ள யாருக்கு அதிகாரம் என்ற கடிதத்தைக் கையொப்பமிட்டுக் கொடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் என்ற நிலை வந்ததும் உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வங்கியில் அதற்கான படிவத்தைப் பற்றியும் விசாரியுங்கள்.

அம்மாவைப் பற்றி. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு அவர் அழைத்தால் உங்களுக்கு நள்ளிரவு தாண்டி அரை மணி. தூக்கக் கலக்கத்தில் நீங்கள் பேசும் இரண்டு சொல்லை வைத்து, மகள் துன்பத்தில் இருக்கிறாள் என்று அவர் இரவெல்லாம் விழித்திருப்பார்; எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். மாலை ஐந்தரை மணிக்கு, உங்களுக்கு ஒன்பது மணிக்கு, என்று ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். பேச முடியாத நாளில் ஒரு வரிச் செய்தியாவது போடுங்கள். சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த தாயிடம் 'பயப்படாதே' என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது, மகளே. ஆசிரியை அம்மா சொன்ன அந்த ஷிந்தோ எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பார்த்துச் சரிபார்க்க ஒன்று கையில் இருந்தால் மனம் ஓரளவு அடங்கும்.

குளச்சல் மாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அக்கா எழுதிய பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அராஹாமா பள்ளியின் படங்களைக் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த மலை வளாகத்தில்தான் விடுதியும் இருக்குமா என்று கேட்டார்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து இயற்பெயர் என்ற இடத்தில் உள்ளன. கல்லூரிச் சான்றிதழ்களிலோ முதலெழுத்து மட்டும் இருக்கிறது. இதை மாற்றிவிட்டுப் போக வேண்டுமா?

கோட்டாறு ஆசிரியை எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள். உதவித்தொகை ஆவணங்களில் பெயர் ஏறிவிட்ட நிலையில் கடவுச்சீட்டை இப்போது மாற்றினால், விசாவுக்கான தாள்களில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் இன்னொரு பெயரும் வந்து பெரும் குழப்பமாகிவிடும். மாற்றாதீர்கள். முதலெழுத்தும் விரித்தெழுதிய பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கல்லூரி முதல்வரிடமிருந்து ஒரு கடிதமும், நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் ஆங்கிலத்தில் வாங்கிக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

வசிப்பு அட்டையில் கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கில எழுத்துகளில் பெயர் அச்சாகும். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கும். வங்கி, காப்பீடு, கைப்பேசி நிறுவனம், பல்கலைக்கழக நிதிப் பிரிவு ஆகிய எல்லா இடங்களிலும் பெயரைக் கதகானாவில் எழுதச் சொல்வார்கள். நம் பெயர்களிலுள்ள ழகரம், ளகரம், மெய்யெழுத்தில் முடியும் ஒலிகள் ஆகியவற்றை ஒவ்வொரு அலுவலரும் தமக்குக் கேட்டபடி எழுதினால், ஒரே ஆளுக்கு நான்கு பெயர்கள் உருவாகிவிடும். வங்கிக்குப் பணம் அனுப்பும்போது கதகானாப் பெயரைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் தொகை திரும்பிவிடும். என்னோடு படித்த திருநெல்வேலி மாணவர் ஒருவருக்கு முதல் மாத உதவித்தொகை இதனால்தான் தாமதமானது.

ஆகவே கதகானா கற்றவுடன் உங்கள் முழுப்பெயரை ஒரே வடிவத்தில், எந்தச் சொல் முன்னால், எங்கே இடைவெளி என்பதையும் முடிவு செய்து, ஒரு அட்டையில் பெரிதாக எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வார்டு அலுவலகத்தில் தொடங்கி எல்லா இடங்களிலும் அந்த அட்டையை நீட்டி, அதில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, நாட்டுக்குள் வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்குத் திறக்கச் சில வங்கிகள் தயங்கும். எனவே எந்த வங்கிக்குப் போவது என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டு, அங்கேயே செல்லுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு: மலை வளாகத்திலும் விடுதி இருக்கிறது, நகரத்துக்குள்ளும் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் விருப்பத்தைக் குறிப்பிடும் இடத்தில் அவோபாயாமாவை முதலாவதாக எழுதி அனுப்புங்கள்.